பேர் ஒருவருடையது, கம்பெனி இன்னொருவருடையது

செம்பூரில் உட்கார்ந்து கடன் ஃபைல் புரட்டும் எனக்கு முதல் கேள்வியே, கம்பெனி உண்மையில் யாருடையது என்பதுதான்.

பழைய 1956 கம்பெனிச் சட்டப்படி பங்குதாரர் பதிவேட்டை வெளியாள் யாரும் கட்டணம் கட்டிப் பார்க்க முடிந்தது. நல்ல விஷயம். ஆனால் அதே சட்டத்தின் 153-ஆம் பிரிவைப் பாருங்கள்: ஒருவர் இன்னொருவருக்காகப் பங்கு வைத்திருந்தால், அதைப் பதிவேட்டில் எழுதவே கூடாது என்றிருந்தது! இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்த சரக்கு. யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், கம்பெனிக்கு வேறு தலைவலி வேண்டாம் என்ற கணக்கு. பினாமிகளுக்குக் கேட்க வேண்டுமா?

1974-இல் 187சி பிரிவைச் சேர்த்தார்கள். நிஜ உரிமையாளர் கம்பெனியிடம் சொல்லியாக வேண்டும். 2006-இல் எம்சிஏ21 வந்தது. மரைன் டிரைவ் எவரெஸ்ட் கட்டடத்துப் பதிவாளர் ஆபீசுக்கு ஆளனுப்பும் வேலை குறைந்தது. ஆனால் திரையில் தெரிந்ததும் அதே பழைய பேர்கள்தான்.

2018-இல்தான் 90-ஆம் பிரிவைத் திருத்தி, பின்னால் நிற்பவரின் பேரைக் கேட்டார்கள். இப்போது 10 சதவீதம் இருந்தாலே சொல்ல வேண்டும். ஆனால் கம்பெனி வைத்திருக்கும் அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையைப் பங்குதாரருக்குத்தான் அந்தப் பிரிவு கொடுக்கிறது. பிரிட்டன் 2016-லேயே இதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

தாராவியில் தோல் பை தைத்துக் கொடுத்துவிட்டு பில் பாக்கிக்கு அலைகிறவர் பங்குதாரர் இல்லையே, சார்.