ஞாயிறு இரவு ஏழரை மணி: 'யமாட்டோ'வின் முதல் வாரங்களைப் பார்த்தவர் யார்?

1974 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை இரவு 7.30 மணிக்கு ஜப்பானில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. கதை நிகழும் ஆண்டு 2199. புளூட்டோவின் அருகே புவியின் படை அழிகிறது. முதிய தளபதி ஒகிதா எஞ்சிய கப்பலோடு பின்வாங்குகிறார். அவருக்குக் காவலாகப் பின்னே நின்றுவிட்ட இளம் அதிகாரி திரும்பவில்லை. காமிலாஸ் என்னும் பகைக்கோள் எறிந்த கதிரியக்கக் குண்டுகளால் புவியின் கடல்கள் வற்றிவிட்டன. நிலத்தடி நகரங்களில் ஒடுங்கிய மனிதகுலத்துக்கு எஞ்சியிருப்பது ஓராண்டுக் காலமே. சிறுவர்க்கான நேரத்தில், தோல்வியிலிருந்து தொடங்கிய தொடர் அது.

இதற்குப் பார்வையாளர்கள் எவ்வாறு எதிர்வினையாற்றினர் என்ற கேள்விக்கு அனிமே வரலாற்றில் ஆயத்தமான விடை ஒன்று உண்டு: எவரும் பார்க்கவில்லை, தொடர் தோற்றது, பின்னர் ரசிகர்கள் அதை மீட்டனர். அண்மையில் ஒரு கருத்தரங்கில் நானும் இதையே ஒப்பித்தேன். "எவரும் பார்க்கவில்லை என்றால் மீட்டவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?" என்று முதுகலை மாணவி ஒருவர் கேட்டார். அன்று மழுப்பிவிட்டேன். இப்பதிவு அவருக்கான காலந்தாழ்ந்த மறுமொழி.

தோல்வி என்ற தீர்ப்புக்குச் சான்று ஓர் எண். யமாட்டோவின் முதல் ஒளிபரப்பில் பார்வையாளர் விழுக்காடு ஒற்றை இலக்கத்தில் நின்றது. திட்டமிட்டதற்கு முன்னதாகவே, 26 பகுதிகளோடு, 1975 மார்ச் 30 அன்று தொடர் முடிக்கப்பட்டது. எண்ணில் பிழையில்லை. ஆனால் அது எதை எண்ணியது என்பதை நாம் கேட்பதில்லை. ஜப்பானியத்தில் இதற்குரிய சொல் 'ஷிச்சோரிட்சு'. 'ஷி' என்பது காண்டல், 'ச்சோ' என்பது கேட்டல், 'ரிட்சு' என்பது வீதம். அக்காலத்தில் வழங்கிய அளவை இன்னும் துல்லியமாகச் சொன்னால் 'செத்தாய் ஷிச்சோரிட்சு', அதாவது குடும்பம் ஒன்றை அலகாகக் கொண்ட காண்-கேள் வீதம். தேர்ந்தெடுத்த வீடுகளின் பெட்டியில் பொருத்திய கருவி, அப்பெட்டி எந்த அலைவரிசையில் நிற்கிறது என்பதைப் பதிந்தது. பெட்டியின் முன் அமர்ந்தவர் யார், வேறொன்றைப் பார்க்க விரும்பித் தோற்றவர் யார் என்பவை அதற்குத் தெரியா. வீடு கண்டது, வீடு கேட்டது, ஆள் இல்லை.

ஒரே பெட்டியுள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஞாயிறு ஏழரை மணிக்கு வீடு எதைத் தேர்ந்திருக்கும்? புஜி தொலைக்காட்சியில் அதே நேரத்தில் 'ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹெய்டி' ஓடிக்கொண்டிருந்தது. இசாவோ தகாஹாதா இயக்கி, ஹயாவோ மியாசாகி காட்சியமைப்புச் செய்த அத்தொடர் ஜனவரி முதலே வீடுகளில் வேரூன்றிவிட்டது. பாட்டியும் பேரனும் சேர்ந்து பார்க்கத்தக்க கதை; பாட்டியும் பேத்தியும் என்றால் சொல்லவே வேண்டாம். டிபிஎஸ் அலைவரிசையிலோ அதே நாளில், அதே நேரத்தில், 'குரங்குப் படை' என்ற அறிவியல் புனைவுத் தொடர் தொடங்கியது. இதன் மூலக்கதையாளர்களுள் ஒருவரான அரிட்சுனே டொயோட்டா, யமாட்டோவின் அறிவியல் பின்புலத்தை அமைத்தவரும்கூட. ஒரே எழுத்தாளரின் இரு தொடர்கள் ஒரே அரைமணியில் மோதிக்கொண்டன! அறிவியல் புனைவை விரும்பிய சிறுபான்மையும் இவ்வாறு இரண்டாகப் பிளவுபட்டது.

என் ஆய்வுக்கு மிகவும் பொருள் தருவது இரண்டாம் பகுதி. வற்றிய கடலின் தரையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய போர்க்கப்பல், தன் மேலோட்டை உதிர்த்து விண்கலமாக எழுகிறது. இடையே 1945 ஏப்ரல் 7 அன்று கியூஷுவுக்குத் தெற்கே யமாட்டோ மூழ்கிய காட்சி நினைவாக விரிகிறது. அக்கப்பலோடு மாண்டவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். 1974இல் ஐம்பதை நெருங்கிய ஒருவருக்கு அன்று இருபது வயது. அவர் கண்ட யமாட்டோவும் அவருடைய பன்னிரண்டு வயது மகன் கண்ட யமாட்டோவும் ஒன்றாக இருந்திருக்க இயலாது. மகனுக்கு அது கப்பல். தந்தைக்கு அது ஒரு சாவுப்பட்டியல், அல்லது பேச விரும்பாத பெருமிதம். படைப்பாளர்களிடையே கூட இதில் இசைவில்லை. பழைய கடற்படையின் அணிவகுப்பு இசையை இப்பகுதியில் பயன்படுத்துவதை இயக்குநர் லெய்ஜி மாட்சுமோட்டோ எதிர்த்தார். தயாரிப்பாளர் யோஷினோபு நிஷிசாகி அதை விரும்பினார். மாட்சுமோட்டோவின் தந்தை போர்க்கால ராணுவ விமானி. தொடர் ராணுவவாதத்தை மீட்கிறதா, புதைக்கிறதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அவ்விவாதம் முதலில் நிகழ்ந்த இடம் படைப்புக்கூடம் என்பதே என் துணிபு.

கதை அமைப்பும் பார்வையாளரைச் சோதித்தது. 1,48,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள இஸ்கந்தர் கோளுக்குச் சென்று, கதிரியக்கத்தை நீக்கும் கருவியோடு ஓராண்டுக்குள் மீள வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் எஞ்சிய நாட்கள் அறிவிக்கப்படும். முதல் வாரத்தைத் தவறவிட்டவருக்கு உள்ளே நுழையக் கதவில்லை. ஹெய்டி டிசம்பர் 29 அன்று நிறைவுற்றது. ஆனால் அதுவரை ஆல்ப்ஸ் மலையில் இருந்தவர், பாதிப் பயணம் கடந்த கப்பலில் ஏறுவது எளிதன்று. குறைந்த எண்ணுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மறு ஒளிபரப்பில் தொடர் பெற்ற பெருவரவேற்பும் இதைச் சற்று வலுப்படுத்துகிறது: அப்போது கதவு முதலிலிருந்து திறந்தது.

முதல் ஒளிபரப்பில் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டு ஒளிப்பதிவுக் கருவி அன்று பரவலாகவில்லை. பீட்டாமேக்ஸ் 1975இலும், விஎச்எஸ் 1976இலும்தான் சந்தைக்கு வந்தன. எனவே ஒலிநாடாக் கருவியைத் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி முன் வைத்து, வீட்டாரைப் பேசாதிருக்கச் சொல்லி, ஒலியை மட்டும் பதிவது அக்கால இளையோரின் வழக்கம். பின்னர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். 1977இல் தொடரின் உரையாடலும் இசையும் அடங்கிய இசைத்தட்டு பெருமளவில் விற்றதன் பின்னணி இதுவே எனக் கருதுகிறேன். கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். 'பார்வையாளர்' என்ற நம் சொல் கண்ணோடு நின்றுவிடுகிறது. 'ச்சோ' என்ற பாதியை நாம் மொழிபெயர்ப்பில் இழந்துவிட்டோம்.

எண் மறைத்தவர்கள் விரைவிலேயே வேறிடங்களில் தென்பட்டனர். 1975இல், அறிவியல் புனைவு மாநாட்டினர் வாக்களித்து வழங்கும் செய்யுன் விருது யமாட்டோவுக்குக் கிடைத்தது. பள்ளி மாணவ மாணவியர் ரசிகர் மன்றங்கள் அமைத்தனர். மறு ஒளிபரப்புக் கோரி நிலையங்களுக்கு எழுதினர். 1977 ஆகஸ்ட் 6 அன்று தொடரைச் சுருக்கிய திரைப்படம் வெளியானபோது, முந்தைய இரவே திரையரங்க வாசலில் வரிசை நின்றது. அதுவரை 'டெரெபி மங்கா', அதாவது தொலைக்காட்சிச் சித்திரக்கதை, என்றே பெரிதும் வழங்கியதற்கு 'அனிமே' என்ற பெயர் பரவலானதும் அதை ஒட்டிய ஆண்டுகளில்தான்.

இங்கே எனக்கொரு தயக்கம் உண்டு. எண்ணை ஐயுறும் நாம் நினைவை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம். பின்னாளில் 'இவான்கெலியன்' படைத்த ஹிடேஆகி அன்னோவுக்கு 1974இல் வயது பதினான்கு. யமாட்டோ தம்மை ஆட்கொண்டதை அவர் பலமுறை பேசியிருக்கிறார். நாமும் மேற்கோள் காட்டுகிறோம். அவர் அன்னோ ஆனதால் அவருடைய நினைவு ஆவணமாயிற்று. முதல் பகுதியைப் பார்த்து, இருண்ட கதை என்று சலித்து அலைவரிசையை மாற்றிய சிறுவன் நூல் எதுவும் எழுதவில்லை. மாற்ற விரும்பியும் இயலாத சிறுமியும் எழுதவில்லை. கருவி வீடுகளை எண்ணியது. வரலாறு வென்றவர்களை எண்ணுகிறது. இரண்டுக்கும் இடையே விழுந்தவர்களே அந்த அக்டோபரின் பெரும்பான்மை.

ஆகவே, மாணவிக்கு: மீட்டவர்கள் அந்தச் சிறிய விழுக்காட்டின் உள்ளேயும் இருந்தார்கள்; அடுத்த அலைவரிசையில் ஹெய்டி ஓடிய வீடுகளில், மறு ஒளிபரப்புக்குக் காத்தும் இருந்திருப்பார்கள். முதல் வகையினரை ஆவணத்தில் ஓரளவு காட்டிவிடலாம். இரண்டாம் வகையினரைத் தேடத் தனிமனிதர் பாதுகாத்த ஒலிநாடாக்களிலிருந்து தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கருவியை ஒலிபெருக்கி முன் வைத்துப் பதிந்தவற்றில் தொடரின் ஒலி மட்டும் இராது. அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதும் பதிந்திருக்கும்.