தாழி பெற்றோரும் பெறாதோரும்

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876இல் ஜெர்மானியர் ஜாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும், 2004இல் இந்தியத் தொல்லியல் துறையினரும் அகழ்ந்தனர். அவர்கள் கண்ட ஈமத்தாழிகளில் எலும்புகளோடு கலங்களும் கருவிகளும் இருந்தன. தம் பெயரை நமக்கு விட்டுச் செல்லாத அம்மக்கள், தம்முள் இறந்தோரைக் கைவிட்டுவிடவில்லை.

அத்தகைய அடக்கம் கிட்டாதோரும் உண்டு. இரண்டாம் உலகப் போரில், அசாமுக்கும் சீனாவின் குன்மிங் நகருக்கும் இடையே இமயத்தின் கிழக்கு மலைகளைக் கடந்து அமெரிக்க விமானங்கள் பறந்தன. 1944 சனவரி 25 அன்று, எட்டுப் பேருடன் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவாவுக்குப் புறப்பட்ட குண்டுவீச்சு விமானமொன்று வந்து சேரவில்லை. 2006இல் அருணாசலப் பிரதேச மலையொன்றில் அதன் சிதைவுகள் காணப்பட்டன. உறவினர் பல ஆண்டுகள் மன்றாடிய பின், 2015இல் அமெரிக்க அரசின் குழு அங்கே அகழ்ந்தது.

இத்தகைய அகழ்வில் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, மண்ணைச் சல்லடையிலிட்டுச் சலிப்பர். ஒரு பல் கிடைத்தாலும் பெரும்பேறே. நாட்பட்ட எலும்பில் எளிதில் கிடைப்பது தாய்வழி மட்டுமே இறங்கும் மரபணுவாகும். ஆதலால், தந்தையைத் தேடும் மகனின் குருதி இச்சோதனைக்கு உதவாது. அத்தையோ அத்தை பிள்ளைகளோ முன்வர வேண்டும். அவ்வெண்மருள் ஒருவர் 2017இல் அடையாளம் காணப்பெற்று, 73 ஆண்டுகளுக்குப் பின் சொந்த ஊரில் அடக்கம் பெற்றார்.

உயிர்ப்பை நம்பும் நமக்கு எலும்பு எதற்கு என்று சிலர் வினவலாம். எகிப்தை விட்டு வெளியேறிய அவசரத்திலும் மோசே யோசேப்பின் எலும்புகளை எடுத்துச் சென்றார். உடலும் உயிர்க்கும் என நம்புவதாலேயே உடலை மதிக்கிறோம்.

நம் முத்துக்குளித்துறையில் இது தொலைவான செய்தியன்று. கடலுக்குச் சென்று திரும்பாதவரின் மனைவி, தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா என அறியாது தவிக்கிறாள். ஏழாண்டுகள் செய்தியில்லையெனில் இறந்தவராகக் கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. உடலின்றியும் இறந்தோர் திருப்பலி நிறைவேற்றத் திருச்சபை இடந்தருகிறது. அவள் நெஞ்சம் இடந்தருவதில்லை. "சாமி, அவர் வந்துவிட்டால்?" என்ற கேள்விக்கு முன் என் மறையுரைகள் பலமுறை வாயடைத்துப் போயின. அப்போது உடனிருப்பதே என்னால் இயன்றது.

எனவே, வரும் கல்லறைத் திருநாளன்று தம்மவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும் அன்பர்கள், அருகே வெறும் மண்ணில் இன்னொன்றையும் ஏற்றுங்கள். கல்லறையில்லாதோர்க்காகவும், இன்னும் வாசலைப் பார்த்திருப்போர்க்காகவும்.