தோட்டத்துத் தாயும் குழந்தையின் மூச்சும்

ஊவா மலைச்சரிவுகளில் மார்கழி, தை மாதங்களின் குளிர் வளர்ந்தவர்க்கே பொறுத்தற்கரியது. வடகீழ்ப் பருவமழை நமுனுகுல மலையை மூடி நிற்கும் அந்நாட்களில், பசறை, லுணுகலைத் தோட்டங்களின் பழைய லயக்காம்பராக்களில் அடுப்பே போர்வையாயிருந்தது. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுங் கொண்ட அறை. புகை வெளியேற வழியில்லை. ஈர விறகின் புகையினூடே கைக்குழந்தை கிடந்தது. அக்குழந்தையை வருத்திய நோய்களுள் கொடியது நுரையீரலைப் பற்றும் நியூமோனியா.

அந்நோயின் பெயரைத் தாய் அறியாள். சளி என்றாள், மாந்தம் என்றாள், சில வேளை தோஷம் என்று கருதி வேப்பிலை அடிப்பவரிடம் தூக்கிச் சென்றாள். அதனால் அவளை அறியாமையின் உருவம் எனக் கொள்வது நீதியன்று. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, விலா உள்வாங்குகிறது என்பதைக் கண்டு முதலிற் பதைத்தவள் அவளே. கண்டதைச் சொல்ல ஓர் இடமும், சொன்னாற் கேட்க ஓர் ஆளும் அவளுக்கு இருந்தனவா என்பதே கேள்வி.

சட்டம் இல்லாமலில்லை. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாக வகுத்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் ஒருபடி சென்று, தோட்டத்து நோயாளரைப் பற்றி அறிந்திருப்பதும், ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைகள் தக்க பராமரிப்பும் உணவும் பெறச் செய்வதும் துரையின் கடமை என விதித்தது. நல்ல விதிதான். ஆனால், பெரட்டுக்கு வராத தொழிலாளியைக் கங்காணி சொல்லித் துரை அறிவார்; பெரட்டுக்கே உரியதல்லாத பாலகனின் பிணியை அவருக்கு அறிவிப்பவர் யார்?

விடியற்காலையிற் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறும் தாய், மாலையிற் கொழுந்து நிறுத்த பின்னரே அதன் முகம் பார்ப்பாள். இடையிற் கொழுந்துக் கூடையை இறக்கி டிஸ்பென்சரிக்கு ஓடினால் அன்றைய பேர் அரைப்பேராகும். அல்லது அதுவும் இல்லாமற் போகும். 1924இல் புகைவண்டி பதுளையை எட்டியது. லயத்திலிருந்து டிஸ்பென்சரிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை மட்டும் குறுகவில்லை.

நோயைத் தீர்க்கும் மருந்தும் நெடுங்காலம் இருக்கவில்லை. 1938இல் இங்கிலாந்தில் வெளிவந்த சல்ஃபாபிரிடின் என்னும் மாத்திரையே நியூமோனியாவை முதலில் அடக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பெனிசிலின் பரவலாகக் கிடைத்தது. மருந்து வந்த பின்னர், குழந்தை பிழைப்பதும் பிழையாததும் பெரும்பாலும் அது எத்தனை மணி நேரத்துள் வைத்தியரை அடைகிறது என்பதைப் பொறுத்ததாயிற்று. அதை முடிவு செய்பவள் தாயன்றோ?

அவளுக்கு ஓர் அளவுகோல் கிடைத்த வரலாறு, இதே போன்ற புகையடைந்த குடில்கள் நிறைந்த வேறொரு மலைநாட்டிலே தொடங்குகிறது. பப்புவா நியூகினியின் கொரோக்கா என்னும் ஊரிற் பணியாற்றிய பிராங்க் ஷான் என்னும் குழந்தை வைத்தியரும் அவர்தம் துணைவரும், ஊடுகதிர்ப் படமின்றியே நோயை மதிப்பிடும் வழியை ஆராய்ந்து 1984இல் வெளியிட்டனர். இருமலுள்ள குழந்தையின் மூச்சு எவ்வளவு விரைகிறது, நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா என்பவையே அவர்கள் கண்ட அடையாளங்கள். நுரையீரலின் நுண்ணறைகளிற் சீழும் நீரும் நிறையும்போது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் காற்றுக் குறைகிறது. குறைந்ததை ஈடுசெய்யக் குழந்தை விரைந்து மூச்சுவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் இவ்வழியை ஏற்று எல்லைகளையும் வகுத்தது. இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு நிமிடத்திற்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இருமலுடன் மூச்சு இவ்வளவை எட்டினாலோ கடந்தாலோ நியூமோனியா எனக் கருதவேண்டும். குழந்தை அழாமலும் பால் குடியாமலும் அமைதியாயிருக்கையில் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணவேண்டும். நெஞ்சு குழிந்தாலோ, பால் குடிக்க மாட்டாமற் போனாலோ எண்ணிக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லயத்துத் தாய் முன்னமே கண்டு பதைத்த அதே மூச்சும் அதே விலாவும்தான் இவை. நூறாண்டு கழித்து விஞ்ஞானம் அவள் கண்ணுக்கு எண் கொடுத்தது எனலாம்.

1975இற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், தோட்டத் தாய்மாரும் நாட்டின் பொதுச் சுகாதார சேவையின் வட்டத்துக்குள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டனர். 2008இல் நியூமோனியாவுக்குக் காரணமான கிருமிகளுள் ஒன்றைத் தடுக்கும் ஹிப் தடுப்பூசி, ஐவகைத் தடுப்பூசியின் பகுதியாக நாடெங்கும் வழங்கப்படலாயிற்று. பதுளை வைத்தியசாலைக்கும் இன்று பேருந்து உண்டு.

எனினும் கிளினிக்கில் தாய்க்குச் சொல்லப்படும் பாடம் எவர் காதில் விழுகிறது என்பதையும் நோக்கவேண்டும். பகற்பொழுதிற் குழந்தையின் மூச்சைப் பார்த்திருப்பவள் தாயல்லள். பிள்ளைக்காம்பராவைக் காக்கும் பெண் அல்லது லயத்திலிருக்கும் அம்மாயி. தாய் மத்திய கிழக்கிற்கு வேலைக்குச் சென்ற வீடுகளில் இரவுக்கும் அந்த அம்மாயியே துணை. கொழுந்துக் கூடையிலேயே ஆயுளைக் கழித்த அவளுக்கு எழுத்துத் தெரியாமலிருக்கலாம். ஆனால் ஐம்பது வரை எண்ணத் தெரியும்.