எட்டு வருஷ மௌனம், ரெண்டு பக்க இசை

பியானோ கத்துக்க ஆரம்பிச்ச பசங்க கூட வாசிச்சுடக்கூடிய ஒரு இசை எழுத ஒருத்தருக்கு எட்டு வருஷம் ஆச்சுன்னா நம்புவீங்களா? ஆர்வோ பேர்ட் 1976ல் எழுதிய 'ஃப்யூர் அலினா' (அலினாவுக்காக) பத்தித்தான் சொல்றேன்.

பேர்ட் 1935ல் எஸ்தோனியாவில் பிறந்தவர். சோவியத் காலத்தில் வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்துக்கொண்டே இசை எழுதினார். அப்போது அவர் பாணியே வேற. 12 சுரத்தையும் வரிசை கட்டி அடுக்குகிற சீரியல் முறை. 1960ல் 'நெக்ரோலாக்' எழுதியதும் மேலிடத்திலிருந்து செம திட்டு. 1968ல் 'கிரேடோ' வந்தது. நாத்திக அரசாங்கத்தின் கீழே, மேடையில் ஒரு கோரஸ் லத்தீனில் கிறிஸ்து மேல் விசுவாசம் சொல்லிப் பாடுகிறது! சும்மா விடுவாங்களா?

அதுக்கப்புறம் பேர்ட் அநேகமா மௌனம். 1971ல் மூணாவது சிம்பொனி, வயித்துப்பாட்டுக்குச் சினிமா இசை, அவ்வளவுதான். தடைதான் காரணம்னு பல பேர் எழுதறாங்க. எனக்கு அது பாதி உண்மையாத்தான் படுது. பழைய முறை மேலேயே அவருக்கு நம்பிக்கை போயிடுச்சு. பக்கவாத்தியமே இல்லாத கிரிகோரியன் தேவாலயப் பாட்டை எடுத்து வெச்சுக்கிட்டு, ஒத்தை வரி மெட்டு எப்படி எழுதறதுன்னு அரிச்சுவடியிலிருந்து படிச்சார். எந்த அதிகாரியும் அதைச் செய்யச் சொல்லலை.

அதில் கிடைச்சதுதான் 'டின்டினாபுலி'. லத்தீனில் சின்ன மணிகள். விதி ரொம்ப எளிசு: வலது கை மெட்டு வாசிக்கும், இடது கை ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே, பி மைனரின் மூணு சுரத்தில் (பி, டி, எஃப் ஷார்ப்) எது பக்கத்தில் இருக்கோ அதைத் தொடும். மொத்தம் 15 கட்டம். கட்டத்துக்கு ஒரு சுரமா ஏறி, அப்புறம் ஒண்ணொண்ணா இறங்கும். தாளக் குறியே கிடையாது. கறுப்புப் புள்ளின்னா குட்டை, வெள்ளைன்னா நெட்டை. எவ்வளவு நேரம்ங்கறது வாசிக்கிறவர் பாடு.

அலினா அவருக்குத் தெரிஞ்ச குடும்பத்துப் பொண்ணு. இங்கிலாந்து போயிட்டாள். இங்கே நின்னுபோன அம்மாவுக்கு ஆறுதலா எழுதினது இது. அன்னைக்கு இரும்புத்திரையைத் தாண்டிப் போன பிள்ளையைத் திரும்பப் பார்ப்போமான்னு யார் உறுதி சொல்ல முடியும்? 1980ல் பேர்டே குடும்பத்தோட கிளம்பி வியன்னா போனார், பிறகு பெர்லின்.

இப்போ இதைத் தூங்க வைக்கிற இசைப் பட்டியலில் எல்லாம் போடறாங்க. கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கு :-) 1999ல் ஈசிஎம் வெளியிட்ட ஒலித்தட்டில் அலெக்சாண்டர் மால்டர் பத்து நிமிஷத்துக்கு மேலே நீட்டி வாசிச்சிருப்பார். நீங்க முதல்ல ரெண்டு மூணு நிமிஷத்தில் முடியற ஒண்ணைக் கேளுங்க. 11வது கட்டத்தில் இடது கை ஒரே ஒரு தடவை விதியை மீறி சி ஷார்ப் தொடும். இசைத்தாளில் அந்த இடத்தில் பேர்ட் ஒரு பூ வரைஞ்சு வெச்சிருக்கார்.