முன்னிற்பவர்களுக்கும் ஓய்வு வேண்டும்

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் பணிச்சோர்வை நோயாக அன்றி, தணிக்கப்படாத நீண்டகால வேலைத்தள அழுத்தத்தின் விளைவாக வரையறுத்தது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலையில் பற்று விட்டுப்போதல், செயல்திறன் குறைதல்.

சம்பளமோ விடுமுறையோ இல்லாத போராட்டப் பணி இந்த வரையறைக்குள் அடங்குவதில்லை. சோர்வு மட்டும் அதே சோர்வுதான். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். பதில் கிடைக்காமலே பெற்றோர் பலர் இறந்துவிட்டனர். முன்னின்று நடத்தும் தாய்மார் தம் இழப்போடு மற்றவர்களின் இழப்பையும் சேர்த்தே சுமக்கின்றனர்.

தூக்கமின்மை, சிறு விடயத்துக்கும் எரிச்சல், மறதி ஆகியன தொடர்ந்தால் உடல் ஓய்வு கேட்கிறது என்று கொள்ளலாம். கணக்கு, கூட்டம், ஊடகங்களுடன் பேசுதல் ஆகிய பொறுப்புகளைப் பலர் முறைவைத்துப் பகிர வேண்டும். அப்போது ஒருவர் ஒரு வாரம் வீட்டில் இருந்தாலும் பந்தல் வெறுமையாகாது.