ஹட்சிங்ஸ் பாதிரியாரின் பள்ளிக்கூடம்

ஜார்ஜ்டவுன் பார்குவார் சாலையில் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பினாங்கு மாநில அருங்காட்சியகம் ஒரு கட்டடத்தின் பாதி. மறுபாதி இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் போய்விட்டது. மிஞ்சிய பாதிக்குள்தான் 1965 முதல் இத்தீவின் பழம்பொருள்களைக் காட்சிக்கு வைத்தார்கள். ஆனால் அங்கே இருப்பவற்றுள் ஆற அமரப் பார்க்க வேண்டிய பழம்பொருள் அந்தக் கட்டடமேதான்.

கதை தொடங்குவது 1816இல். கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்கைச் சென்னை, பம்பாய், கல்கத்தாவுக்கு நிகரான மாகாணமாக உயர்த்திப் பத்தாண்டு ஆகியிருந்தது. துறைமுகம் பெருகியது, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரும் கூலிக்கு வந்தவரும் தெருக்களை நிறைத்தார்கள். காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அப்போதே எழும்பியிருந்தது. பிள்ளைகள் படிக்கத்தான் பொதுவான இடமில்லை. கம்பெனியின் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் அந்தக் குறையைக் கையிலெடுத்தார். எந்த இனம், எந்த மதம் என்று கேட்காமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி வேண்டும் என்பது அவர் திட்டம். 1816 அக்டோபர் 21 அன்று லவ் லேனில் ஒரு வாடகை வீட்டில் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் திறந்தது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பள்ளிக்கு அடிக்கல் நாட்ட இன்னும் ஏழாண்டு இருந்தது.

1821இல் பள்ளி பார்குவார் சாலைக்கு வந்தது. ஹட்சிங்ஸ் முன்நின்று எழுப்பிய தேவாலயம் பக்கத்திலேயே, 1818இல் முடிந்திருந்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு அது. அவரோ பள்ளியின் வளர்ச்சியை முழுதாகப் பார்க்கவில்லை. 1827இல் மறைந்து, இத்தீவின் புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கமானார்.

இன்று நாம் பார்க்கும் கட்டடம் அதற்கு வெகு காலத்துக்குப் பிற்பட்டது. வில்லியம் ஹார்கிரீவ்ஸ் தலைமையாசிரியராக இருந்தபோது, 1896இல் முதல் பகுதி எழுந்தது, அடுத்தது 1906இல். இரண்டு மாடி, செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. முகப்பு நெடுக வளைவுகள் அணிவகுத்து நிற்க, அவற்றின் பின்னால் நிழல் விழும் தாழ்வாரம். இந்த வெயிலையும் சாய்ந்தடிக்கும் மழையையும் அறிந்தவர்கள் கட்டியது என்பது பார்த்தவுடன் புரியும்: சூரியனும் சாரலும் தாழ்வாரத்தோடு நின்றுவிட, வகுப்பறைக்குள் காற்று மட்டும் போகும். மின்விசிறி வருமுன் அதுதான் பாடம் நடப்பதற்கான முதல் தேவை.

கட்டடம் எழத் தொடங்கிய அதே 1896இல்தான் ராணி உபகாரச் சம்பளம் பெற்ற மாணவர் வூ லியன் தே கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1910-11இல் மஞ்சூரியாவைச் சூறையாடிய நுரையீரல் பிளேக்கை அடக்கிய மருத்துவர் அவர். பின்னாளில் மலேசியாவின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரகுமானும் இந்தப் பள்ளியின் மாணவரே. 1928இல் பள்ளி கிரீன் லேனுக்குப் போக, பழைய கட்டடத்தில் ஹட்சிங்ஸ் பள்ளி நடந்தது.

தமிழர்களுக்கு இந்தப் பள்ளியில் தனி உரிமை உண்டு. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது இங்கே தொடங்கிய தமிழ் வகுப்புதான். அந்த வகுப்பு நீடிக்கவில்லை. தமிழ்ப் பள்ளிகள் பெருகியது பின்னாளில் ரப்பர் தோட்டங்களால். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். ஆனாலும் 2016இல் நாடெங்கும் தமிழ்க் கல்வியின் இருநூறாண்டு கொண்டாடப்பட்டபோது ஆண்டுக் கணக்கு இந்தப் பள்ளியிலிருந்தே எடுக்கப்பட்டது. பினாங்கில் இன்று 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறையாவது பார்குவார் சாலைக்கு அழைத்து வந்து, அந்த வளைவுகளுக்கு முன்னால் நிறுத்தி இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.