தவறிப்போய் வந்த பூச்சி

ஆவடியில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியில் போன வருஷம் ஜேசிபி இறங்கியது. ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் மலைபோலக் குவித்தார்கள். நாலைந்து நாள் தண்ணீர் தெரிந்தது; நாரை வந்தது. அடுத்த மழை முடிவதற்குள் ஏரி மறுபடி பச்சைப் போர்வை. "இதுக்கு ஒரு முடிவே கிடையாதாப்பா?" என்று கேட்டார் அம்மா. கிடைத்த கதை ஒன்று இருக்கிறது. அது தொடங்கும் இடம் சைதாப்பேட்டை.

மெக்சிகோவில் கள்ளிச்செடியின் மேல் வாழும் சின்னப் பூச்சி, காக்கினீல். அதைக் காயவைத்து அரைத்தால் ரத்தச் சிவப்புச் சாயம். ஆங்கிலேய அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு அந்தச் சாயம்தான். வியாபாரம் முழுக்க ஸ்பெயின் கையில். அதை உடைக்க நினைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. மதராஸில் கம்பெனியின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன், பூச்சி வரும் முன்பே அதற்குத் தீனியாகச் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் போட்டார்.

1795-இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் வந்தது வேறு இனம். சாயம் மட்டம், லாபம் இல்லை. திட்டம் படுத்துவிட்டது.

பூச்சி படுக்கவில்லை. காடாகப் பெருகியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்றே தீர்த்தது. அதைக் கவனித்தவர்கள் 1836-38 வாக்கில் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கும் அந்தக் கள்ளி அடங்கியது. 1860-களில் இலங்கைக்கும் போனது. களையை ஒழிக்கவென்றே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சி போன முதல் நிகழ்வாக அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் மதராஸ் மாகாணத்தின் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்துக்கொண்டிருந்த இன்னொரு கள்ளியை இந்தப் பூச்சி தொடக்கூட இல்லை. நம் வாயில் இரண்டுமே சப்பாத்திக்கள்ளிதான். பூச்சிக்கு அப்படியில்லை. என் வேலையில் சொல்வதென்றால் வெர்ஷன் பொருந்தவில்லை. சரியான இனம் இலங்கையிலிருந்து வந்தது 1926-இல்தான். அடுத்த ஐந்தாறு வருஷத்தில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது. யாரும் தினமும் வெட்டவில்லை. பூச்சி தன் சாப்பாட்டைச் சாப்பிட்டது, அவ்வளவுதான்.

இந்த வெற்றிக் கதையைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. இனம் மாறி வந்த பூச்சி கள்ளியைத் தின்றது நம் அதிர்ஷ்டம், நெல்லைத் தின்றிருந்தால்? அதனால்தான் இன்று வெளிநாட்டுப் பூச்சியைத் திறந்துவிடும் முன், வேறு எந்தச் செடியையும் அது தின்னாது என்று அடைத்துவைத்துச் சோதிக்கிறார்கள். ஆகாயத்தாமரையைத் தின்னும் தென் அமெரிக்கக் கூன்வண்டை 1980-களில் பெங்களூரில் அப்படிச் சோதித்துத்தான் விட்டார்கள். சில ஏரிகளில் பலனும் கிடைத்தது. ஆனால் வண்டு பெருக வருஷங்கள் ஆகும். அதற்குள் ஜேசிபி வந்து செடியோடு வண்டையும் அள்ளிவிட்டால் கணக்கு முதலிலிருந்து. அதோடு, சாக்கடை கலக்கும்வரை செடிக்கு உரம் தானாக வந்துகொண்டேயிருக்கும்; வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி வளரும்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ மொதல்ல சாக்கடையை நிறுத்தணும்னு சொல்லு" என்றார்.

சைதாப்பேட்டைத் தோட்டம் இருந்த சுவடே இன்று இல்லை. எங்கள் ஏரிக்கரையில் ஜேசிபியின் தடம் மட்டும் இன்னும் ஆழமாக இருக்கிறது.